கார்டு போட்டால் மூணு பர்சென்ட் கூட

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாக மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் விடும் கடை ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் இரண்டு டயர், ஒரு செயின் செட், எஞ்சின் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 480 வெள்ளி (ரிங்கிட்) வந்தது. கிரெடிட் கார்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த தம்பி அதை வாங்கவில்லை. கிரீஸ் படிந்த விரலால், கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினான். மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில் இருந்தது: கார்டு 3%.

“ரொக்கம்னா 480ண்ணே. கார்டுன்னா 494 வெள்ளி 40 காசு.”

“அந்தப் பதினாலு வெள்ளி எதுக்கு தம்பி?”

“பேங்க் எடுத்துக்கிறான்ண்ணே. எங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்குப் பின்னால் நின்றவர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். “கார்டு வச்சிருக்கவரு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்று சிரித்தார். அவர் கையில் ரப்பர் பேண்டு போட்ட ஐம்பது வெள்ளித் தாள்கள். நானும் சிரித்துவிட்டு ஏ.டி.எம். தேடி நடந்தேன். ஆனால் தம்பி சொன்ன ‘பேங்க் எடுத்துக்கிறான்’ மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த பேங்க்? எவ்வளவு? எதற்கு?

மெஷின் பக்கமிருந்து தொடங்கலாம். நாம் கார்டைக் கொடுக்கிறோம், 250 வெள்ளிக்கு மேல் போனால் ஆறு எண் பின் நம்பரை அமுக்குகிறோம், சீட்டு வருகிறது. அந்தச் சில விநாடிகளில் இந்த வியாபாரத்தில் நான்கு பேருக்கு வேலை. ஒருவர் கடைக்காரர். இரண்டாவது, அவருக்கு மெஷின் கொடுத்த பேங்க். மூன்றாவது, நமக்குக் கார்டு கொடுத்த பேங்க். இது பெரும்பாலும் வேறு பேங்க்காகத்தான் இருக்கும். நான்காவது, இரண்டு பேங்க்குக்கும் நடுவே பாதை போட்டு வைத்திருக்கும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நிறுவனம். விசா நமக்குக் கடன் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பாதைக்குச் சொந்தக்காரர் மட்டும்தான். கடன் கொடுப்பது நம் பேங்க்.

ராத்திரி கடையை மூடும் நேரத்தில் தம்பி மெஷினில் ‘செட்டில்மெண்ட்’ பட்டனை அமுக்குவான். அன்றைக்கு ஓடிய கார்டு கணக்கெல்லாம் நீளச் சீட்டாக வெளியே வரும். அப்புறம் ஓரிரு நாளில் பணம் கடையின் கணக்கில் விழும். ஆனால் 480 விழாது. கொஞ்சம் குறைந்துதான் விழும். அந்தக் குறைவுக்குத்தான் ஆங்கில எழுத்தில் எம்.டி.ஆர். என்று பெயர். வியாபாரியிடம் பிடிக்கும் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கடைக்கும் இது ஒரே அளவு கிடையாது. கடையின் அளவு, என்ன வியாபாரம், எந்த மாதிரிக் கார்டு, உள்நாட்டுக் கார்டா வெளிநாட்டுக் கார்டா என்பதைப் பொறுத்து மாறும். கணக்குக்காக 1.5% என்று எடுத்துக்கொள்வோம். 480 வெள்ளிக்கு 7 வெள்ளி 20 காசு போகும். கடைக்கு 472 வெள்ளி 80 காசு வரும். போன அந்த 7.20 மூன்றாகப் பிரியும். பெரிய துண்டு நமக்குக் கார்டு கொடுத்த பேங்க்குக்கு. சிறு துண்டு பாதைக்காரருக்கு. மிச்சம் மெஷின் கொடுத்த பேங்க்குக்கு.

நமக்குக் கார்டு கொடுத்த பேங்க்குக்கு ஏன் பெரிய துண்டு என்றால், அது சொல்லும் காரணம் இதுதான்: நான் இன்று வாங்கும் டயருக்கு அது இப்போதே பணம் கட்டுகிறது. ஸ்டேட்மெண்ட் வந்து அதற்கப்புறம் 20 நாள்வரை என்னிடம் வட்டி கேட்பதில்லை. நான் கட்டாமல் ஓடிப்போனால் நஷ்டம் அதற்கு. கார்டு திருடு போனால் தலைவலியும் அதற்கு. இவ்வளவும் நியாயம்தான். ஆனால் அதே துண்டிலிருந்துதான் நமக்குப் பாயிண்டும் கேஷ்பேக்கும் வருகின்றன என்பதை பேங்க் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. பேங்க் நமக்குக் கொடுக்கும் ‘இலவசம்’ மோட்டார் கடைக் கல்லாவிலிருந்து கிளம்பி வருகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. 555 நோட்டு ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பைக்குள் அடங்கும் அந்த மெல்லிய நோட்டில், மாதம் முழுக்க அரிசி, மாவு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளன்று அம்மா போய்க் கணக்கு முடிப்பார். வட்டி என்று ஒரு வார்த்தை அதில் இருக்காது. ஆனால் பட்டணத்து விலையும் அந்தக் கடை விலையும் ஒன்றாகவா இருந்தன? ஒரு மாதக் கடனுக்கான செலவு அரிசி விலைக்குள்ளேயே அமுங்கிக் கிடந்தது. இதில் வேடிக்கை, நோட்டில் எழுதாமல் கையில் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதே விலைதான். கடன் வாங்கியவரின் செலவில் ஒரு பங்கை ரொக்கக்காரர் சுமந்தார்.

கார்டும் அப்படித்தான். கடைக்காரர் 7 வெள்ளி 20 காசைத் தன் லாபத்திலிருந்து விடலாம். டயர் விலையில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏற்றி வைக்கலாம். அல்லது கார்டு நீட்டுகிறவரிடம் மட்டும் தனியாகக் கேட்கலாம். வேறு வழி கிடையாது. மூன்றாவது வழிக்குத்தான் சர்சார்ஜ் என்று பெயர். நமக்குக் கோபம் வருவது மூன்றாவதில் மட்டும்; அதில்தானே செலவு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது வழியில் என் கார்டுக்கான காசை ரப்பர் பேண்டு போட்ட தாள்களோடு நின்ற மண்டோர்தான் கட்டுகிறார், அவருக்கே தெரியாமல். எனக்குப் பாயிண்ட் ஏறுகிறது. அவருக்கு ஒன்றும் இல்லை. இதை யோசித்த பிறகு எனக்கு அந்த அட்டைமேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

மீதிப் பாதி குறையவில்லை. அதற்குக் காரணம் கணக்கு. தம்பி கேட்டது 3%. நம் உதாரணப்படி பேங்க் பிடிப்பது 1.5%. நான் 494 வெள்ளி 40 காசைக் கார்டில் கட்டியிருந்தால், பேங்க் அதில் 7 வெள்ளி 42 காசு எடுத்திருக்கும். கடைக்கு 486 வெள்ளி 98 காசு போயிருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைப்பதைவிட ஏறக்குறைய 7 வெள்ளி கூடுதல். ‘எங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்று தம்பி சொன்னது பொய்யல்ல, அவனுக்கே தெரியாது. யாரோ ஒரு கடையில் 3% என்று எழுதினார்கள், இவர்களும் எழுதினார்கள்.

ஆனாலும் கடைக்காரர் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். டயர் விற்பதில் லாபம் கொழுத்ததில்லை. 480 வெள்ளி வியாபாரத்தில் அவர் கையில் நிற்பது 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 7.20 என்பது விலையில் 1.5%தான், லாபத்திலோ 12%. இதோடு மெஷின் வாடகை, பேப்பர் ரோல். லைன் கிடைக்காத நாளில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும்.

இதைவிட இறுக்கமான இடம் பெட்ரோல் நிலையம். அங்கே விலையை நிர்ணயிப்பது அரசாங்கம். நிலையத்தை நடத்துகிறவருக்கு பெட்ரோலில் லிட்டருக்கு 15 காசு கமிஷன். ரோன்95 ரகப் பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசாக இருந்த காலத்தில், கார்டுக் கழிவு 1% என்றாலே 2 காசு போய்விடும். கமிஷனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. விலையை ஏற்றவும் முடியாது, தனியாகக் கேட்கவும் முடியாது. பெட்ரோல் நிலையக்காரர்கள் கார்டுக் கழிவைப் பற்றிப் பல வருஷமாக முறையிடுவது சும்மா இல்லை.

சரி, கடை அப்படித் தனியாகக் கேட்கலாமா? மலேசியாவில் கூடாது. மெஷின் கொடுக்கும்போது பேங்க் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறதே, அந்த ஒப்பந்தத்தில் இது இருக்கிறது: கார்டில் கட்டுகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. ‘50 வெள்ளிக்குக் கீழே கார்டு இல்லை’ என்று எழுதி வைப்பதும் இதே மாதிரி விதிக்குப் புறம்பானதுதான். போலீஸ் வந்து பிடிக்கிற குற்றமில்லை, ஒப்பந்த மீறல். அதனால் முறையிட வேண்டிய இடம் உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்க். கடைப் பெயர், தேதி, தொகை, சர்சார்ஜ் தனியாகத் தெரியும் ரசீது, முடிந்தால் அந்த அட்டையின் படம். உங்கள் பேங்க் அதை மெஷின் கொடுத்த பேங்க்குக்கு அனுப்பும். அவர்கள் கடையை எச்சரிப்பார்கள். திருந்தாவிட்டால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரசீதில் தனியாகப் போடாமல் மொத்தமாக 494.40 என்று மட்டும் அடித்துக் கொடுத்தால் நிரூபிப்பது கஷ்டம். அதனால் கார்டைக் கொடுப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுவது நல்லது. மெஷினில் போட்ட பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, வரிசையில் நிற்கிறவர்கள் நம்மைத்தான் முறைப்பார்கள்.

இதில் மலேசியா கையாண்ட வழி இதுதான். கூடுதல் கட்டணத்தைத் தடுத்துவிட்டு, கழிவையே குறைக்கப் பார்த்தது. 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சீர்திருத்தம், கார்டு கொடுத்த பேங்க்குக்குப் போகும் அந்தப் பெரிய துண்டுக்கு உச்சவரம்பு போட்டது. டெபிட் கார்டுக்கு வரம்பு இன்னும் தாழ்வு. டெபிட்டில் கடன் கிடையாது; நம் சேமிப்புக் கணக்கிலிருந்து அப்போதே பணம் போய்விடுகிறது, அதனால் அங்கே பேங்க் சுமக்கும் ஆபத்து குறைவு. நம் டெபிட் கார்டுகள் பலவற்றில் விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னத்தோடு மைடெபிட் சின்னமும் இருக்கும். அது உள்நாட்டுப் பாதை. எந்தப் பாதையில் செலவு குறைவோ அதில் அனுப்பக் கடைக்காரருக்கு வழி உண்டு. இது தெரியாமல் டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் சேர்த்து ஒரே 3% போடுகிற கடைகள் நம் ஊரில் நிறைய. டெபிட் கார்டு நீட்டியவரிடம் 3% கேட்பதற்கு எந்த நியாயமும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியூர்களில் ஆளுக்கொரு வழி. ஆஸ்திரேலியா 2003லேயே கடைகள் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்று திறந்துவிட்டது. செலவு வெளிப்படையாகத் தெரிந்தால் மக்கள் மலிவான வழிக்குப் போவார்கள் என்பது எண்ணம். நடந்தது என்ன? சில கடைகள் செலவைவிட அதிகமாகக் கறந்தன. 2016ல் தொடங்கி, உண்மையான செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2025 ஜூலையில் அந்த நாட்டு மத்திய வங்கியே, விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் கார்டுகளுக்கு இந்தக் கட்டணத்தை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னது. பிரிட்டனில் 2018 ஜனவரி 13 முதல் சாதாரண வாடிக்கையாளரிடம் இப்படி வாங்கவே கூடாது. அமெரிக்காவில் 2013க்குப் பிறகு பல மாநிலங்களில் வாங்கலாம். விசா 2023ல் அதற்கு 3% உச்சவரம்பு வைத்தது. நம் ஊர் அட்டைகளிலும் 3% என்று இருப்பது தற்செயலா, யாராவது இணையத்தில் பார்த்து எழுதினார்களா தெரியாது.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அந்தத் தம்பி டயருக்கு 494 வெள்ளி 40 காசு என்று விலை எழுதி, ‘ரொக்கமாகக் கொடுத்தால் 14.40 கழிவு’ என்று ஒட்டியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. ரொக்கமாகக் கட்டி, 14 வெள்ளி மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் பக்கத்துக் கடையில் தோசையும் சாப்பிட்டிருப்பேன். தொகை ஒன்றுதான், ஒரு காசு வித்தியாசம் இல்லை. ஆனால் தண்டம் கட்டுவது போலத் தெரிந்தால் எரிகிறது, கழிவு போலத் தெரிந்தால் இனிக்கிறது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980ல் இதையே எழுதினார்: அமெரிக்காவில் ரொக்கத்துக்கும் கார்டுக்கும் விலை வித்தியாசம் வருமானால், அதைச் சர்சார்ஜ் என்று சொல்லாமல் ரொக்கத் தள்ளுபடி என்று சொல்ல வேண்டும் என்பதில் கார்டு நிறுவனங்கள் குறியாக இருந்தன என்று. மனுஷனுக்கு எதில் வலிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதே வித்தையின் வேறொரு முகம், ‘12 மாதம் வட்டி இல்லாத் தவணை’. துணி துவைக்கும் மெஷின் வாங்கப் போனால் ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று சில கடைகள் சொல்லும். வட்டி இல்லை என்று பேங்க் சொல்வது உண்மை, நம்மிடம் இல்லை. கடைக்காரரிடம் சாதாரணக் கழிவைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. அவர் அதைத் திரும்ப மெஷின் விலைக்குள் வைக்கிறார். 555 நோட்டு பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கூடுதல் கட்டணத்துக்குக் கொதிப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கார்டுக் கடனை நேரத்தோடு கட்டாதவருக்கு மலேசியாவில் வருஷத்துக்கு 18% வரை வட்டி. 480 வெள்ளியை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஏறக்குறைய 7 வெள்ளி 20 காசு. கடைக்காரரிடம் பேங்க் பிடித்ததாக நாம் சொன்ன அதே தொகை, இந்த முறை நம்மிடமிருந்து, அதுவும் மாதாமாதம். இதற்கு யாரும் கண்ணாடியில் அட்டை ஒட்டுவதில்லை. கார்டு ஒன்றுக்கு வருஷத்துக்கு 25 வெள்ளி சேவை வரி வேறு இருக்கிறது. அது தனிக் கதை.

ரொக்கத்துக்குச் செலவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எண்ண வேண்டும், சில்லறை வைத்திருக்க வேண்டும், கள்ளத் தாளா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு பயந்து பயந்து பேங்க்குக்குப் போக வேண்டும். அந்தச் செலவுக்குச் சீட்டு வருவதில்லை, அதனால் கடைக்காரர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கியூஆர் வந்த பிறகுதான் ஊரில் கொஞ்சம் மாறியிருக்கிறது. காலை நாசிலெமாக் விற்கும் அக்காகூட ஃபோனில் ஸ்கேன் செய்து காசு கட்டும் இளஞ்சிவப்பு நிற டுயிட்நவ் அட்டையை வைத்திருக்கிறார். 2023 நவம்பரிலிருந்து அதற்கும் வியாபாரிகளிடம் கட்டணம் என்று பேச்சு கிளம்பியபோது ஊரே அலறியது. சிறு வியாபாரிகளுக்கு வேண்டாம் என்று பல பேங்க்குகள் தள்ளுபடி செய்தன. பாதை போட்டவர் என்றைக்காவது காசு கேட்பார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மோட்டார் கடையைப் பற்றி நான் பேங்க்கில் புகார் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி லிந்தாங் ரோட்டில் செயின் அறுந்து நின்றபோது, கடையை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த தம்பி எழுந்து வந்தவன். அதற்குப் பதில் அடுத்த சனிக்கிழமை போய், அந்த 486 வெள்ளி 98 காசுக் கணக்கை ஒரு பழைய பில்லின் முதுகில் எழுதிக் காட்டினேன். ஒப்பந்தத்தில் இது கூடாது என்று இருக்கும் என்பதையும் சொன்னேன். அவன் நம்பவில்லை. உள்ளே போய், மெஷின் கொடுத்த பேங்க் மாதாமாதம் அனுப்பும் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தான். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தோம். கிரெடிட் ஒரு வரி, டெபிட் ஒரு வரி, வெளிநாட்டுக் கார்டு ஒரு வரி. அவன் கடைக்கு கிரெடிட் கழிவு நான் சொன்ன உதாரணத்தைவிடக் கொஞ்சம் கூட. டெபிட் கழிவு அதில் பாதிகூட இல்லை.

“அப்ப டெபிட்டுக்கு நான் சும்மா வாங்கிட்டிருந்தேனாண்ணே?”

போன வாரம் டியூப் மாற்றப் போனேன். அட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. 3ஐ அடித்துவிட்டு மேலே 2 என்று எழுதியிருக்கிறான். கீழே புதிதாக, சின்ன எழுத்தில்: டெபிட் ஓகே.